நான் எடுத்த நாடு சிலி

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நான் படிக்கும் வகுப்பில், புவியியல் பாடத்துக்காக ஒவ்வொருவரும் ஒரு நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அதன் புள்ளி பள்ளி இறுதிச் சான்றிதழில் சேரும். நான் சிலி என்றேன்.

"இலங்கையை எடுக்கலாமே, உன் நாடுதானே," என்றார் ஆசிரியை.

"நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை. லூக்காஸ் யப்பானை எடுத்தபோது நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே," என்றேன். நான் உட்காரவில்லை.

அவர் முகம் சிவந்தது. "சரி, சிலி," என்றார்.

வீட்டிலும் அதே கதைதான். பள்ளிப் படிப்பை முடிக்காத அப்பா, "சிலியில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அப்பா."

"பிறகேன் உனக்கு இந்த வில்லங்கம்?"

விடாமல் சொன்னேன். வடக்கே மழையையே காணாத பாலைவனம். நாட்டுக்குப் பெரிய வருமானம் தரும் செம்புச் சுரங்கங்கள் அங்கேதான். தெற்கே ஓயாத மழையும் பனியாறுகளும். வடக்கில் சில ஊர்களில், கடலிலிருந்து வரும் மூடுபனியை வலைகட்டி மறித்துத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

சோறு பிசைந்த அப்பாவின் கை நின்றது. "வலையிலயோ? ஓட்டையால போகாதோ?"

ஏன் சிலி என்பதை மறந்து, அவரே கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். ஒரு நாட்டை அறிய ஆசைப்படுவதற்கு அங்கே நமக்கு ஆளிருக்க வேண்டியதில்லை. இனி யார் காரணம் கேட்டாலும், ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.