நோட்டீஸின் பின்பக்கம்

குடவாசல் கடைத்தெருவில் முப்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிழைப்பு அது. பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மலேயா பக்கம் சிறைபிடித்த நம் சிப்பாய்களைத் தன் கட்சிக்கு இழுப்பதற்காக, ஜப்பான்காரன் முகாம்களில் கொடுத்த நோட்டீஸ்களைச் சேர்க்கிறேன். என்னிடம் பதினான்கு இருக்கின்றன. அவற்றில் தமிழில் அச்சானவை ஐந்து. இந்த ஜில்லாவில் வேறு எவனிடமும் ஒன்றுகூட இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

இவை எங்கே கிடைக்கும் என்று வெளியூர் சேகரிப்பாளர்கள் போனில் குடைவார்கள். நிலப் பத்திரக் கட்டில் கிடைக்கும். பட்டாளத்துக்குப் போய், மாட்டிக்கொண்டு, உயிரோடு திரும்பியவர்கள் இந்தத் தாள்களையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். காகிதம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதைப் பட்டாவோடு சேர்த்துச் சுற்றி வைப்பது நம் வழக்கம். பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நெருங்கும்போது அந்தக் கட்டுகளெல்லாம் என் மேஜைக்கு வரும். நடுவில் பழுப்பேறிய தாள் ஒன்று தலைகாட்டினால், "இது ஒங்களுக்கு வேணுமாண்ணே?" என்பேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"அது குப்ப சார், நீங்களே வெச்சுக்கங்க" என்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்வேன். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, மடிப்பை நீவி, பின்பக்கத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தால் நல்ல ரப்பராக வாங்கித் துளி மிச்சமில்லாமல் அழித்து, ஆல்பத்தில் செருகுவேன். அச்சு எந்த வகை, காகிதம் எப்படிப்பட்டது, படம் யார் கைவரிசை, எல்லாவற்றையும் குறித்துவைப்பேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

போன சம்பாவில், காப்பீட்டுக் கூட்டம் கடையை நெருக்கிய ஒரு காலை, பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். சிட்டா, அடங்கல், பழைய கிரயப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து முடித்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"இத லேமினேசன் போடணும் சார்."

உறைக்குள் ஒரு நோட்டீஸ். அந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை. கம்பிவேலிக்கு உள்ளே ஒரு சிப்பாய், வெளியே வயலில் அவன் மனைவி கைநீட்டிக் கூப்பிடுகிறாள், கீழே நான்கு வரி தமிழ். வரைந்தவனுக்கு நம் நெற்பயிரைத் தெரியாது. முற்றிய கதிர் தலை கவிழாமல் விறைத்துக்கொண்டு நின்றது. அசல்தான், சந்தேகமே இல்லை.

"அண்ணே, மெஷின் சூட்டுல இது பாழாப்போயிடும். எங்கிட்ட குடுத்துடுங்க. ஒங்க குடும்பத்துக்கு நான் இருக்கற வரைக்கும் ஜெராக்ஸ் ஓசி."

அவர் சிரித்தார். "அப்படி என்ன சார் இருக்கு இதுல?"

கேட்டது தப்பாகப் போயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை நான் போரையும், முகாமையும், பிரசார உத்தியையும், என்னிடமுள்ள பதினான்கையும் பற்றிப் பேசித் தீர்த்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் போட்டார்.

"நான் இந்தப் பக்கத்தச் சொல்றேன் சார். அந்தப் படம் வேணாம், வெள்ளப் பேப்பர் ஒட்டி மறைச்சுடுங்க."

பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் ஒரே ஒரு பெயர், திரும்பத் திரும்ப. மேலே எழுத்துகள் கோணலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. பாதித் தாளுக்கு மேல் கொஞ்சம் நிமிர்ந்தன. கடைசி வரி நேராக நின்றது.

"அப்பா பட்டாளத்துக்குப் போறப்ப கைநாட்டு சார். கூட அடைச்சு வெச்சிருந்த ஒருத்தரு எழுதக் கத்துக் குடுத்தாராம். அங்க வேற பேப்பர் ஏது? அவன் குடுத்த நோட்டீசுதான். எழுதத் தெரியாதவங்க எல்லாரும் அதுலதான் அவங்கவங்க பேர எழுதிப் பழகுனாங்களாம்."

சற்று முன் நகல் எடுத்த பத்திரத்தை அவரே பிரித்துக் காட்டினார். "எங்க தெருக்காரங்க நெலம் வாங்குனப்ப, மையில வெரல வெக்காம கையெழுத்துப் போட்டது அப்பா ஒருத்தருதான். ஆபீசரே நிமிந்து பாத்தாராம்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடைசி எழுத்தின் வால் இரண்டிலும் ஒரே மாதிரி மேலே சுழித்திருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துகளை நகல் எடுத்தவன் நான். ஒன்றை உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

தாளை மறுபடி கேட்கவில்லை. பின்பக்கத்தைக் கலரில் நகல் எடுத்து, நகலுக்கு லேமினேஷன் போட்டேன். அசலைப் பட்டர் பேப்பரில் வைத்து, வெயிலும் ஈரமும் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தி. கிளம்பும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒங்ககிட்ட பதினாலு இருக்குன்னீங்களே சார். அதுலல்லாம் யார் யாரு பேரு இருக்கு?"

"பாத்துச் சொல்றேன்ணே" என்றேன். பச்சைப் பொய்.

மதியமே கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆல்பத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். தமிழ்த் தாள்கள் மூன்றில் பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் வரிவரியாகத் தெரிந்தது. யார் வீட்டுக் கட்டிலிருந்து எடுத்தேன் என்று குறிப்பேட்டில் தேடினேன். மை, காகிதம், அச்சு எல்லாம் இருந்தன. கொடுத்தவர் பெயரோ ஊரோ ஒன்றுக்கும் இல்லை.

"என்ன தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"பேரு."

கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அவளும் குனிந்து பார்த்தாள். ஒரு தாளில் முதல் எழுத்து 'மு' என்று இருவருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வரியும் அந்த 'மு'வில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தேன்.