கடைசி எபிசோடும் ஒரு கையெழுத்தும்

எங்கள் ஸ்டோரில் பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் நாங்கள் நாலு பேரும் ஆறு வாரமாகப் பேசியது செத்தவர்களைப் பற்றித்தான். கண்டி டவுனில் மருந்து மொத்த விற்பனை செய்யும் இடத்துக்கு இது பொருத்தமான பேச்சில்லை என்பது முதலாளியின் அபிப்பிராயம். நாங்கள் கேட்கவில்லை. செத்தவர்கள் எழும்பி வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கும் கொரிய நாடகம் அது. தொடக்கி வைத்தவள் பில் போடும் தங்கச்சி. மடுல்கெல்லையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வரும்போது ஒரு எபிசோட், போகும்போது ஒரு எபிசோட். பிறகு யாழ்ப்பாணத்து ஸ்டோர் கீப்பர் அண்ணன் பார்க்கத் தொடங்கினார். பிறகு அக்குறணையிலிருந்து வரும் என் நண்பன். நான் கடைசி. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் என்றாலும் நான்தான் எல்லாரையும் விட அதிகம் கத்தினேன்.

கதை ஒரு தீவில் நடக்கிறது. யார் செத்தாலும் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். செத்தவர்கள் எல்லாரும் எழும்புவதில்லை. யார் எழும்புவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் எல்லாரையும் எரிக்கிறார்கள். கதாநாயகி ஒரு தாதி. கடைசி எபிசோடில் அவளுடைய அப்பா செத்துப்போகிறார். மனைவிக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். குழியும் வெட்டியாயிற்று. அவள் குழிக்கும் விறகுக்கும் நடுவில் வெகுநேரம் நிற்கிறாள். பிறகு விறகைக் கொளுத்துகிறாள். அத்தோடு சீசன் முடிந்துவிட்டது. அப்பா எழும்பியிருப்பாரா இல்லையா என்று காட்டவே இல்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும் முன்னமே சண்டை தொடங்கிவிட்டது.

"குழி வெட்டி வச்சிருந்துச்சேங்க" என்றாள் தங்கச்சி. "அந்த மனுசன் கேட்டது அது ஒன்னுதானே. கட்டி வச்சாவது ஒரு நா பாத்திருக்கலாம்ல?"

"ஓம், கட்டி வைச்சுப் பாத்து, அவர் எழும்பி ஊரையே கடிக்கட்டும்" என்றார் ஸ்டோர் கீப்பர் அண்ணன். "எங்கட பக்கம் செத்த சனத்தை நாங்கள் புதைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. விட்டிட்டு நடந்தனாங்கள். இந்தப் பிள்ளைக்கு ரெண்டில ஒண்டு கிடைச்சதே பெரிய விசயம்." சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுத்துக் கடதாசியின் ஓரத்தில் வைத்தார். யுத்தத்தைப் பற்றி அவர் இவ்வளவு பேசியதே அதிகம்.

என் நண்பன் பார்சலைத் திறக்காமல் இருந்தான். வழக்கமாக நாடகத்தில் வரும் பிணங்களைப் போல் நடந்து காட்டித் தங்கச்சியைப் பயமுறுத்துகிறவன் அவன்.

"வேற யார்ட கையிலயாவது நெருப்பக் குடுத்தீக்கலாம்" என்றான். "மகள்ட கையால செஞ்சீக்கத் தேவல்ல."

எனக்கு வந்ததே ஆத்திரம். எங்கள் வீட்டில் பெற்றவருக்குக் கொள்ளி வைப்பது பிள்ளையின் கடமை. அப்பாவை மகியாவைச் சுடலையில் எரித்தபோது கொள்ளி வைத்தது நான். அந்த உரிமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

"என்னா பேச்சு மச்சான் இது?" என்று கத்தினேன். "பெத்த புள்ள கொளுத்தாம ஊரான் வந்தா கொளுத்துவான்? செத்த ஒடம்புக்கு நெருப்பு சுடுமா? சட்டம்னா சட்டம். கொளுத்திட்டுப் போய் வேலயப் பாக்க வேண்டியதுதான்."

தங்கச்சி சிரித்துவிட்டாள். வாதத்தில் வென்றுவிட்ட தோரணையில் நான் சோற்றைப் பிசைந்தேன்.

நண்பன் எழுந்தான். "அன்டைக்கும் நீ இதத்தான் சென்ன" என்றான்.

"என்னைக்கி?"

"வாப்பாட கடதாசில நான் கையெழுத்து வெக்காம நின்ட நேரம். இதே சொல்லு. செத்த ஒடம்புக்கு நெருப்பு சுடுமான்டு கேட்ட."

பிரிக்காத பார்சலை மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. கொரோனாக் காலம். ஊரடங்கு. மருந்துக் கம்பனி என்பதால் எங்களுக்குப் பாஸ் கொடுத்திருந்தார்கள். நானும் அவனும் வீட்டுக்குப் போகாமல் ஸ்டோருக்கு மேலேயே பாய் போட்டுப் படுத்தோம். அக்குறணையில் அவனுடைய வீதியை அடைத்திருந்தார்கள். அவனுடைய வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாலாம் நாள் போன் வந்தது. வீட்டில் யாரும் வெளியே வர முடியாது. வெளியில் இருந்தது அவன் மட்டும்தான். என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த நோயில் செத்தவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் எரிக்க வேண்டும் என்பது அப்போதைய உத்தரவு. முஸ்லிம்கள் இறந்தவரின் மய்யத்தை எரிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றால், அவர்கள் பன்றி சாப்பிடுவதில்லை என்று தெரியுமே, அந்த அளவுக்கு.

ஆஸ்பத்திரி மேசையில், எரிக்கச் சம்மதம் கேட்கும் ஒரு கடதாசி இருந்தது. அவன் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், ஒரு மணித்தியாலமாவது இருக்கும். மழை வேறு. பாஸ் முடியும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. நனைந்த ஹெல்மட்டின் நாற்றம்கூட ஞாபகம் இருக்கிறது. நான் சொன்ன அந்த வார்த்தை மட்டும் ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

உண்மையைச் சொல்வதென்றால் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரும் யாரையும் கிட்ட எடுக்காத காலத்தில் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். அதை எல்லாம் விட்டுவிட்டு வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு சொல்லை இத்தனை வருடம் பொத்தி வைத்திருக்கிறானே என்று நினைத்தேன். பின்னேரம் அவனைப் படிக்கட்டில் மறித்து அதையே கேட்டும் விட்டேன்.

"நீ கையெழுத்து வெக்காட்டி மட்டும் விட்டிருப்பாங்களா மச்சான்?"

"இல்ல. எரிச்சீப்பாங்க" என்றான். "எங்கட ஊர்ல ரெண்டு வீட்டுக்காரங்க வெக்கல்ல. அவங்கட மய்யத்தையும் எரிச்சாங்கதான். ஆனா அவங்க வெக்கல்ல. நான் வெச்ச."

நான் விலகி வழிவிட்டேன். எங்களுடைய வாட்சப் குரூப்பிலிருந்து அவன் அன்றே விலகினான். பகலில் தனியாகக் கீழே கவுண்டரில் இருந்து சாப்பிட்டான். என்னோடு பேசாமல் இல்லை. இன்வொய்ஸ் எங்கே, வேன் வந்ததா, அவ்வளவுதான். அடுத்த சீசன் எப்போது வரும் என்று தங்கச்சிகூடக் கேட்பதை விட்டுவிட்டாள். "நீங்களே போய்ப் பேசிருங்கண்ணே, பாக்கவே ஏலாம இருக்கு" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டேன். மூன்றாம் ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பை திராட்சையோடு மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். சொல்லிவிட்டுப் போனால் வரவேண்டாம் என்பான் என்று பயந்து சொல்லாமல் போனேன். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் அவன் வீட்டுக்குப் போனதே இல்லை என்பது பஸ்ஸில் இருக்கும்போதுதான் உறைத்தது. அவன் கூப்பிட்டதும் இல்லை. அக்குறணையில் இறங்கிக் கடையில் விசாரித்து, ஏற்றத்தில் நடந்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்த நண்பனின் முகம் செத்துப்போயிற்று. "நீ ஏன் இங்க வந்த?" என்றான் மெதுவாக. அதற்குள் உள்ளே இருந்து "யாரு மகன்?" என்று குரல் வந்தது. அவன் வாயைத் திறக்குமுன் நானே "கண்டி ஸ்டோர்லருந்து வாறேங்க, கூட வேல செய்றவன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அவனுடைய உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானா மகன் அன்டைக்கி இவரோட ஆஸ்பத்திரிக்குப் போன?"

"ஆமா உம்மா."

"இவர உள்ளுக்கு எடுக்கல்ல என்டு சென்னார். கூடப் போன தமிழ்ப் புள்ளதான் உள்ளுக்குப் போய், வெசயம் தெரியாம, கடதாசில கையெழுத்து வெச்ச என்டு சென்னார். அது நீங்கதானா மகன்?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செய்யாத குற்றத்துக்கு இத்தனை வருடமாக இந்த வீட்டில் நான் குற்றவாளி. இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். பேனை யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். பேனை அசைந்தது யாருடைய சொல்லால் என்பதும் இப்போது தெரியும். அந்தத் தாய்க்கு மிச்சம் இருந்தது இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

"ஆமா உம்மா" என்றேன். "நான்தான் வச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியும். எண்ட மகன் அத செஞ்சீக்க மாட்டார்" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "ஒங்களுக்கு வெளங்காமதான் செஞ்சீப்பீங்க. வெளங்காம செஞ்சத அல்லாஹ் மன்னிப்பான் மகன். எனக்குத்தான் இன்னம் ஏலாம ஈக்கி."

நண்பன் தேத்தண்ணி கொண்டு வந்தான். குடிக்காமல் எழுந்தால் அவரை அவமதித்தது போல் ஆகும். சூட்டோடேயே குடித்து முடித்தேன். திராட்சைப் பையை மேசையில் வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வந்தவன் அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் விடைபெற்றேன்.

பஸ் நிறுத்தம் வரை அவன் கூட வந்தான். கண்டி பஸ் வளைவில் திரும்பியபோது அவன் என் கையைப் பிடித்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"இனி வீட்டுப் பக்கம் வராத மச்சான்" என்றான். "ஒன்னக் கண்டா உம்மா அழுவா. ஒன்னக் கண்டா நான் உம்மாட்ட சென்ன பொய்ய நானே நம்பிருவன்."

வரமாட்டேன் என்றேன். பஸ்ஸில் இடம் இல்லை. மேல் கம்பியைப் பிடித்தபடி கண்டி வரை நின்றுகொண்டே வந்தேன்.