என் அண்ணனாகப் பேசிய கதிரேசன்

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சாதிக்கின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் வந்ததும் வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"அக்கா, நம்ம கதிரேசன் சார் மவுத்தாயிட்டாருக்கா. மஞ்சக் காமாலையாம். திருச்சிக்குக் கொண்டு போயும் காப்பாத்த முடியல. மீன்சுருட்டிக்கு எடுத்துட்டு வந்துட்டாங்க."

"சரி" என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் போய், பாதியில் விட்டிருந்த பாடத்தை முடித்தேன். அவர் மீது எனக்குக் கோபம் இருந்தது. இறந்துவிட்டார் என்று கேட்டும் அது போகவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும். அவரை நேசித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் குன்னத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அவர் பெங்களூரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்திருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். ஜெயிப்போமா தோற்போமா என்ற இடம் வந்தால், பல முகம் கொண்ட கட்டையை உருட்டிப் பார்ப்போம். அவரிடமிருந்த ஆங்கிலப் புத்தகத்தில் பனிமலையும் கோட்டையும்தான் இருந்தன. அதை ஓரமாக வைத்துவிட்டு, கொள்ளிடக் கரையையும் சுண்ணாம்புக்கல் குகைகளையும் வைத்து அவராகவே கதை கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடுவோம். கீழே செல்போன் கடை வைத்திருந்த சாதிக் குதிரைவீரன். எங்கள் ரிசப்ஷனில் இருந்த வசந்தி வைத்தியச்சி. நான் நல்லாள் என்ற வில்லுக்காரி. "கழுத வயசாச்சு, இதெல்லாம் ஒரு வெளையாட்டா சார்?" என்று முதல் நாள் வசந்தி சிரித்தாள். அடுத்த வாரம் எங்களுக்கு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

ஒருநாள் ஆற்றைத் தாண்டும்போது சாதிக்குக்குக் கட்டை சரியாக விழவில்லை. அவன் குதிரையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சாதிக் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். தோள் குலுங்கியது. வசந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கதிரேசன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாய் வர்ற வரைக்கும் கதை நிக்கட்டும். இல்லாத குதிரதான். ஆனா இத்தன மாசமா அவரு அது மேலதான உக்காந்து வந்தாரு."

டீ வரவழைத்தார். சாதிக் திரும்பி வந்து உட்கார்ந்ததும், "அதத் தேடிப் பொதைக்கணும் சார்" என்றான். அன்று மீதி மதியமும் அந்தக் குதிரையைத் தேடிக் கரையோரமாக நடந்தோம். எங்கள் யாருக்கும் அது வேடிக்கையாக இல்லை. பிறர் அழுகையை இவ்வளவு கவனமாகக் கையாளத் தெரிந்த ஒரு மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதனால்தான் பிறகு அவரிடம் வாய் திறந்தேன்.

என் அண்ணன் செல்வராசு, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய பந்தியில் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. அப்பா எல்லார் முன்னாலும் அவனை அறைந்தார். பாதிச் சோற்றில் எழுந்து போனவன் வீட்டுக்கு வரவேயில்லை. நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தேடித் தேடி ஓய்ந்த பிறகு, வீட்டில் அவன் பேச்சை எடுப்பதே நின்றுபோனது. எடுத்தால் அம்மா அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். அப்பா எழுந்து சோளக்காட்டுப் பக்கம் போய்விடுவார்.

கரண்ட் போய், பிள்ளைகள் எல்லாம் கிளம்பிவிட்ட ஒரு மாலை, சென்டர் படிக்கட்டில் உட்கார்ந்து இதைக் கதிரேசனிடம் சொன்னேன்.

"அவரு பேரு என்னங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சட்டென்று பற்றிக்கொள்வேன் என்று அண்ணன் என்னைத் தீப்பெட்டி என்றுதான் கூப்பிடுவான் என்பதையும் சொன்னேன்.

"இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

"சொல்ல மாட்டேங்க."

மழைக்காலம் வந்தது. கதையில் நாங்கள் கொள்ளிடத்தைக் கடக்கப் படகு தேடிக்கொண்டிருந்தோம். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் படகில் உட்கார்ந்திருக்கிறான் என்றார் கதிரேசன். நான், அதாவது நல்லாள், கிட்டே போய்க் கூப்பிட்டேன். படகுக்காரன் துண்டை விலக்கினான்.

"இவ்ளோ நாளாச்சா ஒனக்கு இங்க வர்றதுக்கு, தீப்பெட்டி?"

சாதிக்கும் வசந்தியும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ராஜா காலத்துக் கதைக்குள் தீப்பெட்டி எப்படி வந்தது என்று அவர்களுக்குச் சிரிப்பு. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை. "ஏண்ணே போன?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

கதிரேசன் கட்டையைத் தொடவில்லை. தலைகுனிந்தபடி சொன்னார்: "வழி தெரியாம இல்ல. வந்தா மறுபடி அந்தப் பந்தியில உக்காரணுமே."

"நாங்க என்ன பண்ணுனோம்? அம்மா என்ன பண்ணுச்சு?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. அதான் வரக் கூச்சமா இருக்கு."

அழுதேன். வீட்டில் அழ முடியாத அழுகையெல்லாம் அந்த மேசையில் வந்தது. வசந்தி வந்து என் தோளைத் தொட்டாள். "ஒங்களுக்கு அண்ணன் இருக்காராக்கா? சொல்லவேயில்லையே?" என்றாள். அதற்குப் பிறகுதான் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"ஒரு தடவயாச்சும் நீங்க அவரக் கேட்டுடணும்னு நெனச்சேங்க. வூட்டுல கேக்க முடியலன்னு சொன்னீங்களே."

"நான் கேட்டது ஒங்களத்தான் சார். எங்கண்ணன இல்ல."

"ஒங்க மனசு ஆறும்னுதான்..."

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன்."

"நான் சொல்லலீங்களே. கதையிலதான..."

தான் சொல்வது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டார். குன்னம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அந்த மாதமே அரியலூரில் வேறு சென்டருக்கு மாறிக்கொண்டேன். நல்லாளை வேறு யாருக்கும் தர மறுத்துவிட்டாராம். "அவ கரையிலயே நிக்கட்டும், அவங்க வந்தாதான் நகருவா" என்று கதையையே நிறுத்திவிட்டார் என்று வசந்தி போனில் சொன்னாள். அதைக் கேட்டு என் மனம் இளகவில்லை. ஊரைக் கூட்டி என் மேல் பழி போடுவதாகத்தான் தோன்றியது. அவரிடமிருந்து வந்த அழைப்புகளை நான் எடுத்ததில்லை.

மீன்சுருட்டிக்குப் போனேன். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சாதிக் என் பெயரைச் சொன்னதும், அந்த அம்மா தலை நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அந்தப் புள்ள? ஒங்கண்ணன் வூட்டுக்கு வந்துட்டாராம்மா?"

தன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். பிணத்தை வைத்துக்கொண்டு எனக்கு உடம்பு கொதித்தது. அவரை எழுப்பிச் சண்டை போட வேண்டும்போல இருந்தது. ஆனால் மகனை இழந்த அந்த நேரத்தில் ஒரு தாய் என் அண்ணனை விசாரிக்கிறார். என்னைப் பெற்றவள் ஒருநாளும் கேட்காத கேள்வி.

"இன்னும் வரலீங்கம்மா" என்றேன்.

"வந்துடுவாரு" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுபடி மகன் பக்கம் திரும்பி அழத் தொடங்கினார்.

கதிரேசனை மன்னித்துவிட்டேன் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். நம்பிச் சொன்னதை மேசையில் வைத்தவர் அவர். இறந்துபோனதால் அது இல்லையென்று ஆகிவிடாது. அண்ணன் எப்படிப் பேசுவான் என்பது எனக்கு இப்போது மறந்துவிட்டது. ஏன் போனாய் என்று மனதுக்குள் கேட்டால், வரக் கூச்சமாக இருக்கிறது என்று கதிரேசனின் குரல்தான் சொல்கிறது. என் அண்ணன் சொன்ன பதில் இல்லை அது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறு பதில் என்னிடம் இல்லை. அதனால் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.