நான் கழற்றிய எர்த் வயர்

ஆம்ப்ளிஃபையரின் பிளக்குக்குள் நான் கழற்றிவிட்டிருந்த எர்த் வயரை, மகளுக்கு ஷாக் அடித்த மறுநாள் காலையில் நானே திரும்ப மாட்டினேன். அவளைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் நேர்மையான பதில் வரவில்லை.

எலெக்ட்ரிக் கிட்டார் கல்லூரிக் காலத்துப் பழக்கம். மின்னணுவியல் படித்தவள் என்பதால், வாசிப்பதைவிடக் கழற்றிப் பார்ப்பதில் எனக்கு ஆசை அதிகம். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றியிருக்கிறேன். இரைச்சல் குறைய உள்ளே செம்புத் தகடு ஒட்டியிருக்கிறேன். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தபோது கிட்டாரும், எனக்கு முன்பே இரண்டு கை மாறியிருந்த பழைய ஆம்ப்பும் கூடவே வந்தன. மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் திருவிழாக் குழுவில் இருக்கிறார். “மருமக கோயில்ல கிட்டார் வாசிக்குது” என்று தெருவில் பெருமையாகச் சொல்லுவார்.

மகள் பிறந்த பிறகு கோயில் பாடகர் குழுவின் ஒத்திகைக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. அவர்கள் அனுப்பும் பாட்டை லேப்டாப்பில் ஓடவிட்டு, அதை ஆம்ப்போடு இணைத்து வீட்டிலேயே வாசித்துப் பழகினேன். இணைத்ததுமே ஆம்ப் விடாமல் இரைய ஆரம்பித்தது.

“என்னம்மா, உள்ள வண்டு கிண்டு பூந்துருச்சா?” என்றார் மாமா.

“வண்டா? தூங்குற பிள்ளய எழுப்பி விடுறதுக்குன்னே வாங்குன சாமான்ப்பா அது” என்றார் கணவர்.

இரண்டு கருவிகளுக்கும் தனித்தனியே எர்த் இருப்பதால் வரும் இரைச்சல் அது. அதைத் தடுக்க ஒரு சின்னப் பெட்டி விற்கிறது. வரவழைக்கும்வரை பொறுக்க முடியாமல், ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து பச்சை நிற எர்த் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்தேன். இரைச்சல் நின்றது. இணைப்பு வயர் வழியாக லேப்டாப்பின் எர்த்தே ஆம்ப்புக்கும் சேர்த்துப் போதும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். செய்யக்கூடாத வேலை என்று தெரியும். கிட்டார் வாசிப்பவர்கள் பலர் செய்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை லேப்டாப்பைக் கணவர் அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருந்தார். நான் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்புக்கு இப்போது எந்த எர்த்தும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. குக்கர் சத்தம் கேட்டு, ஆம்ப்பை அணைக்காமலே கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஆத்தங்குடிக் கல் தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன், ஈரம் காயவில்லை. இரண்டு வயது மகள் வெறுங்காலோடு போய், பழைய ஆம்ப்பில் கசிந்த மின்சாரம் ஏறியிருந்த கிட்டார் கம்பியைத் தொட்டிருக்கிறாள். அலறல் கேட்டு ஓடினேன். மல்லாந்து கிடந்தாள். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எப்படி அடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமா சொன்னார்: “வயரிங் கோளாறு சார். ஆறு மாசத்துக்கு முன்னாலதான் புதுசா செஞ்சது.” அவர் முந்திக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் அண்ணனை மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வருவதற்குள் பிளக்கைத் திறந்து வயரை மாட்டிவிட்டேன்.

அவர் ஒவ்வொரு சாக்கெட்டிலும் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். “ஐயா, எர்த்து பக்காவா இருக்கு. பாருங்க, எப்படி எரியுதுன்னு.”

“அப்ப நேத்து பிள்ளைக்கு அடிச்சது கனவாய்யா?” என்றார் மாமா.

“கரண்ட் கசிஞ்சா தானா அணையுற டிரிப்பர் ஒண்ணு போட்ருவோம்னு அன்னைக்கே சொன்னேன். அப்பறம் பாப்போம்னீக.”

“வேலையக் கோட்டை விட்டுட்டு எனக்குப் பாடம் நடத்துறியா நீ?”

அவர் என் ஆம்ப்பின் பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “தாயி, இத யாரும் தொறந்தீகளா? திருகுல புதுக் கீறலாத் தெரியுது.”

“இல்லண்ணே” என்றேன்.

“அதுல என்னத்தப் பாக்குற? வந்ததும் எங்குட்டோ இறுக்கிவிட்டுட்டு யோக்கியனாட்டம் பேசுற” என்றார் மாமா.

“வந்து கால் மணி நேரம் ஆகலைங்கய்யா. என் கையில என்ன மந்திரக்கோலா இருக்கு?” என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவராகவே கொல்லையில் எர்த் குழியைக் கடப்பாரையால் தோண்டி, புதிதாகக் கரியும் உப்பும் போட்டு மூடினார். கூலி வேண்டாம் என்றார். “பிள்ள பொழங்குற வீடு. எதுக்கும் இருக்கட்டும்.” நல்ல வெயில். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா உள்ளே படுத்திருந்தார். கொல்லையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை நின்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

எங்கள் பங்குத் திருவிழாவுக்கு விளக்கு போடுவது எப்போதும் அவர்தான். இந்த ஆண்டு வேறொருவர் போட்டார். “எங்க வீட்டுலயே பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சுருச்சு. கூட்டம் கூடுற எடத்துல அவன நம்ப முடியுமா?” என்று மாமா குழுவில் சொல்லியிருந்தார். திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் நவநாள் முழுவதும் அந்த விளக்குகளுக்குக் கீழே உட்கார்ந்து நான் கிட்டார் வாசித்தேன். ஒருநாள், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள், பிள்ளை அழுகிறாள் என்று சொல்லி விலகிவிட்டேன். அவள் அழவில்லை.

போன மாதம் மருந்துக்கடை வாசலில் எலெக்ட்ரீஷியன் அண்ணனைப் பார்த்தேன்.

“பாப்பா எப்படி இருக்கு தாயி?”

“நல்லா இருக்காண்ணே.”

“நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். எங்க தப்பு விட்டேன்னு பிடிபட மாட்டேங்குது. இப்பெல்லாம் ஒரு வீட்டு எர்த்த மூணு தடவ பாத்துட்டுத்தான் கெளம்புறேன்.”

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? அப்பா அத்தன பேரு முன்னால பேசிட்டாக. அவுக தலகுனியணுமா?”

“அந்த அண்ணன் இப்பக் குனிஞ்சுக்கிட்டுத்தானே இருக்காக?”

“அத நீ அன்னைக்கே நெனச்சிருக்கணும்.”



கிறிஸ்துமஸ் விளக்கு வேலை யாருக்கு என்று டிசம்பர் தொடக்கத்தில் குழு கூடி முடிவு செய்யும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரிடம் முதலில் சொல்வது என்பதில்தான் தடுமாறுகிறேன். அண்ணனிடம் போனால், “விடு தாயி” என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர். அதைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேயே நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மாமாவிடம் சொன்னால், விஷயம் வீட்டோடு முடிந்துவிடலாம். வெளியே அண்ணனின் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கும். குழுவின் முன் நானே எழுந்து சொன்னால், இத்தனை நாள் என்னைப் பற்றிப் பெருமை பேசிய மாமாவை ஊர் முன் தலைகுனிய நிறுத்தியதாகிவிடுமா? இப்படி ஒன்றை மறைத்து வைத்துப் பிறகு சொல்லியவர்கள் உங்களில் இருந்தால், யாரிடம் தொடங்கினீர்கள், முதல் வாக்கியம் என்னவாக இருந்தது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.