சித்தேரி மலையடியில் நான் எண்ணிய புளியங்கொட்டை ஓட்டுகள்

சித்தேரி மலைக்கு எப்படிப் போவது என்று இந்த மாதம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் அங்கே கிளம்பியது 1986 தை மாதக் கடைசியில், அந்தத் தடவை மலை ஏறவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, சேலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடுவேன். அன்று எனக்கு வாய்த்ததோ எழுபது பேர் கூடிய பஞ்சாயத்து.

காலை 5.40க்கு சேலத்தில் பஸ் ஏறினேன். மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் எண்பது காசு. கணவாயில் ஒரே பனி, ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டேன். 7.15க்கு இறங்கி நான்கு இட்லி ஒரு ரூபாய், டீ ஐம்பது காசு. இட்லி சுமார். சட்னிக்காக இன்னொரு தடவை போகலாம்.

அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஏழு கிலோமீட்டர். முதல் மூன்று கிலோமீட்டர் தார் ரோடு, மீதி நான்கு மாட்டுவண்டித் தடம். பஸ் எல்லாம் தார் ரோட்டோடு சரி. காதர் பாய் என்று ஒருவர், டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தவர், தன் ஜீப்பில் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு அடிவாரம் போவார், திரும்பும்போது புளி ஏற்றி வருவார். ஆளுக்கு மூன்று ரூபாய். நான் முன்சீட்டு கேட்டேன். அங்கே ஒரு பித்தளைத் தராசு உட்கார்ந்திருந்ததால் பின்னால் உப்பு மூட்டைமேல்தான் இடம். நான்கு கிலோமீட்டர் தடத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது, இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

அடிவார ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, என்மேல் பிரியமாகவும் இருக்கின்றன, அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை.

8.30க்கு ஜீப் ஊருக்குள் நுழைந்ததும் பத்துப் பேர் மறித்தார்கள். யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். விஷயம் வேறு. பஞ்சாயத்து பிரசிடெண்ட் தேர்தல் வந்திருந்தது. மறுநாள் மனு கொடுக்கக் கடைசி நாள். ஊரில் எதையும் மாற்றக் கூடாது என்கிற பெரிய நிலக்காரர்கள் ஓர் அணி, ஊர்க்கட்டுக்காரர்கள் என்று பெயர். அவர்கள் நிறுத்துகிற ஆள்தான் எப்போதும் ஜெயிப்பார். இந்தத் தடவை அந்த அணிக்குள்ளேயே சண்டை. மாரப்பன் நிற்பேன் என்கிறார், அவருடைய பங்காளி சின்னசாமியும் நிற்பேன் என்கிறார். இருவரும் நின்றால் ஓட்டு பிரிந்து, பஸ் வேண்டும் என்று கேட்கிற இளவட்டங்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அதனால் அணிக்குள் முதலில் ஓர் ஓட்டெடுப்பு நடத்தி ஒரே ஆளைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு.

இருவருக்கும் கொள்கையில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. வண்டித்தடத்தை அகலப்படுத்திப் பஸ் விடக் கூடாது, விட்டால் பெண் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடும் என்பதில் இருவரும் ஒரே கட்சி. ஆனாலும் ஒருவர் எண்ணினால் மற்றவர் ஒப்புக்கொள்ள மாட்டார், உள்ளூரில் யார் எண்ணினாலும் இரண்டில் ஒருவருக்குச் சொந்தம். முன்பின் தெரியாத ஓர் ஆள் வேண்டும். உப்பு மூட்டைமேல் கண்ணாடியும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருந்தேன். “சார் படிச்சவரு, யாருக்கும் ஒறவு கெடையாது” என்று காதர் பாய் என்னைத் தாரை வார்த்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மணி நேரத்தில் விட்டுவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் கட்டில் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். விதிகளை அவர்கள் சொல்லச் சொல்ல என் நோட்டில் எழுதினேன். ஒன்று, தன் பெயரில் பட்டா வைத்திருப்பவருக்கு மட்டும்தான் ஓட்டு. இரண்டு, நிற்பவரும் தன் பெயரில் பட்டா உள்ளவராக இருக்க வேண்டும். நிலமில்லாதவர்களும் இளவட்டங்களும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக மாரப்பன் சொன்னது இது. சின்னசாமி உடனே தலையாட்டினார். எழுதியதை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொல்லி, அடியில் இருவரும் கையெழுத்தும் போட்டார்கள்.

முதலில் பட்டாவை நீட்டியவர் மாரப்பன்தான். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, ஊரே தன் கைக்குள் என்கிற நடை. காகிதத்தை வாங்கி உள்ளபடி படித்தேன். மாரப்பன் மனைவி கோவிந்தம்மாள் என்றிருந்தது. வேறு காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். வேறு நான்கு கொடுத்தார். நான்கிலும் கோவிந்தம்மாள். சின்னசாமி வாய்விட்டுச் சிரித்தார். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன், சின்னசாமி மனைவி லட்சுமி. சிரிப்பு அங்கேயே நின்றது.

நடந்தது இதுதான். நில உச்சவரம்புச் சட்டம் வந்த சமயத்தில், நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து பெரிய நிலக்காரர்கள் எல்லோரும் பெண்டாட்டி பெயருக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். எழுதியதோடு அதை மறந்தும் போனார்கள். உழவு, அறுப்பு, அதிகாரம் எல்லாம் அவர்களிடமே இருந்ததால் காகிதத்தில் யார் பெயர் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மொத்தம் முப்பத்தொரு பட்டாக்காரர்களை எண்ணினேன். அதில் இருபத்து மூன்று பேர் பெண்கள்.

விதியை அடித்து எழுதுங்கள் என்றார் மாரப்பன். நான் பேனாவைத் திறப்பதற்குள் சின்னசாமி பாய்ந்தார். கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றினால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்றார். சரி, நீயே மாற்று என்றார் மாரப்பன். இப்போது அவருடைய ஆட்களே, சின்னசாமி சொல்கிறபடி மாற்றவா என்று முறுக்கிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் இப்படியே போனது. ஒருவரை ஒருவர் நம்பாததால் இருவரையும் கவிழ்த்த விதியை இருவருமே காவல் காத்தார்கள். மலை போனால் போகிறது என்று நான் கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில், காகிதத்தில் யார் பெயர் இருந்தால் என்ன, ஆட்டி வைக்கிறவர் நாம்தானே என்று இருவருக்குமே தோன்றிவிட்டது. மாரப்பனுக்குப் பதில் கோவிந்தம்மா, சின்னசாமிக்குப் பதில் லட்சுமி. பெண்களைக் கூப்பிட ஆள் போனது. கோவிந்தம்மா மாட்டுக் கொட்டகையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னால் அவருடைய மகள் செல்வி. எட்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவது. மேலே படிக்க டவுனுக்குத்தான் போக வேண்டும் என்பதால் எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று காதர் பாய் என் காதில் சொன்னார். வருகிற வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்கிற பேச்சும் இருந்ததாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு அவசரம் போய்விட்டது.

வாயைத் துணியால் மூடி, நடுவில் துளை போட்ட ஒரு குடம். கோவிந்தம்மாவுக்குப் புளியங்கொட்டை, லட்சுமிக்கு ஆமணக்கு விதை. ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். கோவிந்தம்மா கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

“ஒண்ணு சொல்லிப்புடறேனுங்க. நான் பிரசிடெண்டானா மொதக் கையெழுத்து பஸ்ஸுக்குத்தான். ரோட்டுக்கு எடம் வேணுமுன்னா எங்காட்டு ஓரத்துல எடுத்துக்கட்டும், பட்டா எம்பேருலதான இருக்குது. எம்புள்ள படிக்கோணும். வேண்டாங்கறவங்க ஆமணக்குப் போடுங்க.”

மாரப்பன் எழுந்தார். “நீ வூட்டுக்குப் போ” என்றார். சத்தம் பெரிதாக இல்லை.

“நீங்க எழுதுன சட்டந்தானுங்களே, நானா எழுதுனேன்” என்றார் கோவிந்தம்மா. மாரப்பன் உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். நாற்று நட்ட சேற்றோடு வந்தவர்கள் உண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. லட்சுமி முறை வந்தது. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். கையை மூடிக்கொள்ளாமல், எல்லோரும் பார்க்கும்படி ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் குடத்தில் போட்டுவிட்டுப் புருஷனைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார். 12.20க்குக் குடத்தை முறத்தில் கவிழ்த்தேன். புளியங்கொட்டை இருபத்தேழு, ஆமணக்கு நான்கு. நோட்டில் எழுதி, இரண்டு தடவை உரக்கப் படித்தேன். வேலையில் எத்தனையோ ஆயிரம் பக்கம் படித்திருக்கிறேன், எதைப் படித்தபோதும் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மாரப்பன் முகத்தில் அன்று ஓடிய குழப்பத்தை மறக்க முடியாது. தோற்றவரா, ஜெயித்தவர் புருஷனா என்று அவருக்கே புரியவில்லை. சின்னசாமி வந்து, எப்படியோ நீ வரவில்லை, அது போதும் என்று சொன்னதும்தான் அவருக்கு ரோஷம் வந்தது. “எம்பொண்டாட்டி வந்துட்டாளில்ல” என்றார். மறுநாள் மனு கொடுக்க அவரே ஜீப்பில் கூட்டிப் போனாராம். தேர்தலில் இளவட்டங்களும் எதிர்த்து நிற்கவில்லை. எதிர்க்க என்ன இருக்கிறது?

அன்று மதியம் கோவிந்தம்மா வீட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டு, 3.30க்குக் காதர் பாயின் புளி மூட்டைகளோடு திரும்பினேன். அந்த ஜூன் மாதத்திலிருந்து செல்வியையும் வேறு ஆறு பிள்ளைகளையும் காதர் பாய்தான் காலையும் மாலையும் ஜீப்பில் ஏற்றிப் போனார். முன்சீட்டிலிருந்து தராசு இறங்கியதைக் கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் ரோடு வந்தது, பின்னாலேயே பஸ்ஸும். முதல் நாள் லீவு போட்டுவிட்டுப் போய் ஏறினேன்.

இனி, போகிறவர்களுக்கு. மலை மட்டும்தான் பார்க்க வேண்டுமென்றால் அரூருக்குப் போய்விடுங்கள், அங்கிருந்து சித்தேரிக்குச் சுமார் இருபத்தாறு கிலோமீட்டர், பஸ் உண்டு. தண்ணீரும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், தை மாதக் குளிரைக் குறைத்து எடை போட வேண்டாம். எந்தக் கடையிலும் உங்கள் பேனாவை வெளியே எடுக்காதீர்கள். அடிவாரத்து வழியாக நடந்து ஏற விரும்புகிறவர்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி, காலையில் அடிவாரம் போகிற பஸ்ஸைப் பிடியுங்கள். போகும்போது காலியாகத்தான் இருக்கும், ஜன்னலோரம் கிடைக்கும். அதே பஸ் 7.50க்கு டவுனுக்குத் திரும்பும். அதில் மட்டும் பள்ளிக்கூட நாட்களில் உட்கார இடம் தேடாதீர்கள். முன்னாலிருந்து பின்வரிசைவரை பெண் பிள்ளைகள்தான். நின்றுகொண்டே வாருங்கள்.