மஞ்சள் பிள்ளையார் அளவுக்கு

முதலில் கிரீடம் வரும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும்... போன் லைன் கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்து, திரையில் ஒரு விரல் அகலத்துக்கு நெற்றி இறங்கும். பிறகு கண். ஒரு பிளேன்டி குடித்து முடித்தால் தும்பிக்கை தொடங்கும்.

இரண்டாயிரத்துச் சொச்சமாம் வருஷம். பதுளை டவுனில் போனும் நெட்டும் வைத்திருந்த ஒரு கொமினிகேஷன் கடையில் எனக்கு வேலை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். வெப்சைட் செய்யத் தெரிந்த பொம்பளைப் பிள்ளை என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரே ஒரு புத்தகத்தைப் பார்த்துப் படித்த வித்தைதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு தை மாதம் செல்வராணி அக்கா வந்தார். அப்புத்தளையில் மலை விளிம்பில் வீடு. முன்பக்கத்து இரண்டு அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடப் பார்த்தார். கணவர் இல்லை, ஆறு வயதில் ஒரு மகள். கையில் புத்தம் புதுப் பாஸ்போர்ட். சித்திரை முடிவதற்குள் ஆள் வராவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக ஏஜென்சியில் சொல்லி வைத்திருந்தார்.

"போனா புள்ளைய அண்ணன் வீட்டுல விட்டுட்டுத்தான் போகணும் தங்கச்சி. நெட்டுல போட்டா ஆளு வருமாமே?"

"வரும்க்கா," என்றேன், ஏதோ நானே கூட்டி வரப் போகிற மாதிரி.

கடை திறந்தாலும் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் முதலில் பிள்ளையார்தானே. காலண்டர் படத்தை ஸ்கேன் பண்ணி முழுத் திரைக்கும் போட்டேன். சாமியைச் சின்னதாகப் போட மனசு வரவில்லை. வீடு, அறை, மலை எல்லாம் அவருக்குக் கீழே. என் மெஷினில் திறந்து பார்த்தேன். பளிச்சென்று வந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா கடைக்குப் போன் எடுத்துக் கேட்பார்.

"யாராச்சும் எழுதுனாங்களா தங்கச்சி?"

"இன்னும் இல்லக்கா."

மாசி வந்தது. அதே கேள்வி, அதே பதில். அவர் குரல் மட்டும் வாராவாரம் சின்னதாகிக்கொண்டு போனது.

அந்தச் சமயத்தில் ரயிலில் வந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடைக்கு வந்தார்கள். மறுநாள் அப்புத்தளையில் தங்குவதாகச் சொன்னார்கள். விடுவேனா? இரண்டாம் மெஷினில் அவர்களை உட்கார வைத்து அக்காவின் பக்கத்தைத் திறந்தேன்.

கிரீடம் வந்தது. நெற்றி வந்தது. அந்த மனுஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தும்பிக்கை பாதி இறங்கியதும், யானைச் சவாரி போகிற இடமா என்று மரியாதையாகக் கேட்டார். நான் விளக்கம் சொல்லி முடிக்குமுன் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பக்கம் முழுக்க போன் லைனில் வராமல் என் மெஷினுக்குள்ளேயே இருந்ததால்தான் எனக்குப் பளிச்சென்று வந்திருக்கிறது. உலகத்தில் மற்ற எல்லாருக்கும் பிள்ளையார் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்தது நான்.

அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"படத்த எடுத்துருவோமாக்கா?"

"பிள்ளையார எடுத்துட்டு வாசல தொறக்கவா சொல்ற?"

கேட்டவரே வழியும் சொன்னார்.

"ஏன் தங்கச்சி, மஞ்சள்ல பிடிச்சு வக்கிறோமே, அவரு எம்புட்டு இருப்பாரு? கட்டை விரல் அளவுதானே. என்னைக்காவது கோவிச்சுக்கிட்டாரா?"

போனை வைத்தேன். நான் படித்த புத்தகத்தில் அது இல்லை.

மூன்று நாள் வேலை. பிள்ளையாரைக் கட்டை விரல் அளவாக்கி ஒரு மூலையில் வைத்தேன். வீட்டுப் படத்தையும் மலைப் படத்தையும் ஒவ்வொன்றாக இளைக்க வைத்தேன். வெள்ளிக்கிழமை அக்காவை நேரிலேயே வரச் சொல்லி, இரண்டாம் மெஷினில் அவர் கையாலேயே திறக்க வைத்தேன்.

மூச்சை இழுத்தோம்... விடுமுன் வந்துவிட்டது. சின்னப் பிள்ளையார், பக்கத்தில் வீடு, பின்னால் முழு மலையும் பனியும்.

அக்கா திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நா பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் வந்தேன். எங்க வாசலு அதுக்குள்ள இங்க வந்துருச்சே," என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வாசல் இதே மாதிரி எந்தெந்த ஊருக்கெல்லாம் போகும் என்று நினைக்கவே மலைப்பாக இருந்தது.

இரண்டாவது வாரம் பனி கொட்டுகிற ஒரு தேசத்திலிருந்து ஈமெயிலில் கடிதம் வந்தது. அறைக்குள் மூடுபனி வருமா என்று கேட்டிருந்தார்கள்.

"சன்னல தொறந்தா வரும்னு எழுது," என்றார் அக்கா. அப்படியே எழுதினேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் வந்து இறங்கினார்கள்.

இப்போது கொழும்பில் இதே வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. நெட்டில் சேலை விற்பவர், கேக் விற்பவர் என்று ஆளாளுக்குப் பக்கத்தை வேகமாக்கிக் கொடுக்கிறேன். ஒரு செக்கன் கூடினால் போனில் திட்டு விழும். எல்லாம் கண் இமைக்குமுன் வருகிறது, யாருக்கும் அது அதிசயமாகத் தெரிவதில்லை. எனக்கு மட்டும் அந்தச் சிலிர்ப்பு இன்னும் அடங்கவில்லை.

போன மாதம் அப்புத்தளைக்குப் போயிருந்தேன். இப்போது ஐந்து அறைகள். புக்கிங் எல்லாம் மகள் பார்க்கிறாள். அவள் போனில் பக்கத்தைத் திறந்து காட்டினாள், மூலையில் அதே சின்னப் பிள்ளையார்.

அக்கா அலுமாரியைத் திறந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். முதல் பக்கத்தில் முப்பது வயதுச் செல்வராணி அக்கா முறைத்துக்கொண்டிருந்தார். மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எங்கேயும் ஒரு சீல் இல்லை.

"நல்லா பாரு தங்கச்சி," என்றார், மகளின் தோளில் கை போட்டபடி. "ஒண்ணுமே இருக்காது."