வால்வு பெரியம்மா வீட்டில் இருந்தது

எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நைனாவும் பெரியப்பாவும் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடுகள் அவை. சுவர் எழுப்ப மட்டும்தான் வெளியாள் வந்தார்கள். ஒயரிங், குழாய் எல்லாம் அண்ணனும் தம்பியும் லீவு நாட்களில் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். மாடியில் இரண்டு வீட்டுக்கும் ஒரே டேங்க். அதிலிருந்து இறங்கும் பைப் பெரியம்மாவின் பாத்ரூமுக்குள் நுழைந்து, அங்கிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு எங்கள் சமையலறை வழியாக எங்கள் பாத்ரூமுக்குப் போகும். தண்ணீரை நிறுத்துவதற்கு ஒரே ஒரு வால்வு. அதைப் பெரியம்மாவின் பாத்ரூமில், துணி மாட்டும் ஆணிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். அதை மூடினால் இரண்டு வீட்டிலும் தண்ணீர் நிற்கும். வைத்த நாளில் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு அம்மாவும் பெரியம்மாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தவரை அது ஒரு குக்கர் ரப்பரில் ஆரம்பித்தது. அம்மா இரவல் கொடுத்த ரப்பர் இளகிப்போய்த் திரும்பி வந்ததாக அம்மா சொன்னாள். கொடுக்கும்போதே அது இளகித்தான் இருந்தது என்று பெரியம்மா சொன்னாள். இதற்குமேல் இருவரும் என்னென்ன சொல்லிக்கொண்டார்களோ, அந்த நேரம் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் நைனாவும் பெரியப்பாவும் வழக்கம்போல ஒரே கம்பெனி பஸ்ஸில் போனார்கள். நானும் பெரியம்மா மகளான அக்காவும் வழக்கம்போல மாடியில் உட்கார்ந்து கதை பேசினோம். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒரே பாட்டை இருவரும் உரக்கப் பாடுவார்கள். பெரியம்மா குரல் உயர்ந்தால் அம்மா குரல் இன்னும் கொஞ்சம் உயரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு சிங்க் வந்தது. அதுவரை பாத்திரங்களைப் பின்கட்டில் குந்தி உட்கார்ந்துதான் துலக்கினோம். நின்றுகொண்டே துலக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நைனா பளபளவென்று ஒரு எவர்சில்வர் சிங்க் வாங்கிவந்து, செங்கல் வைத்து மேடை கட்டி, அழுக்குத் தண்ணீர் வெளியேறும் பைப்பையும் மாட்டிவிட்டார். டேப்பு மட்டும் பாக்கி. அதற்கு ஓடுகிற பைப்பை அறுக்க வேண்டும். அறுக்க வேண்டுமானால் வால்வை மூட வேண்டும். நைனா அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிங்க்கில் நாங்கள் வெங்காயம் போட்டுவைத்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை, பெரியம்மா வீட்டு வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்று பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கியது. அக்காவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அதற்காக அன்று சாயங்காலம் வீட்டில் நன்றி ஜெபம். சர்ச்சுக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டரும் வருகிறார். இதையெல்லாம் அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாற்காலிகள் இறங்குவதைக் கடைசி நாற்காலிவரை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கட்டிலுக்கடியிலிருந்து நைனாவின் டூல்ஸ் பையை இழுத்தாள். குந்தி உட்கார்ந்து துலக்கி இடுப்பு விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சிங்க்கிலிருந்த வெங்காயத்தைக் கூடைக்கு மாற்றிவிட்டு, என்னைப் பார்த்து, "போய் வால்வ மூட சொல்லு" என்றாள்.

பெரியம்மா ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் கரண்டியை நிறுத்தாமலே, "யாரு மூட சொன்னது?" என்றாள்.

"அம்மா."

"இன்னாத்துக்கு?"

திரும்பி வந்து கேட்டேன். டேப்பு மாட்ட என்றாள் அம்மா. அதைக் கொண்டுபோய்ச் சொன்னேன். அதுக்கு உங்க நைனா இல்லையா என்றாள் பெரியம்மா. அதைக் கொண்டுவந்து சொன்னேன். எங்க ஊட்டு டேப்ப யாரு மாட்னா அவங்களுக்கு இன்னா என்றாள் அம்மா. இதைக் கொண்டுபோகும் வழியில், இப்படியே போனால் வால்வுக்கு வந்து சேரமாட்டோம் என்று எனக்கே தெரிந்தது. "நைனாவுக்கு ஷிப்டு" என்று மட்டும் சொன்னேன்.

பெரியம்மா அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் வால்வை மூடினாள். "சீக்கிரம் முடிக்க சொல்லு. எனக்கு அரிசி களையணும்" என்றாள்.

அம்மா பாத்ரூம் குழாயைத் திறந்து, பைப்பில் மிச்சமிருந்த தண்ணீரை வடியவிட்டாள். ஆக்சா பிளேடால் சமையலறைப் பைப்பை அறுத்தாள். வெள்ளைத் தூள் உதிர உதிர அவள் அறுத்த விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. பைப் இரண்டாகப் பிரிந்தது. உப்புத்தாளால் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வீட்டிலிருந்து அக்கா வந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா தலையைத் தூக்காமல், "முடியும்போது முடியும்னு சொல்லு" என்றாள். அக்கா அதற்குள் போய்விட்டதால் நான் வாசலில் நின்றே கத்தினேன். நீளமான வாக்கியத்தைக் கத்துவது கஷ்டம். ஆகவே, "முடியுதாம்" என்று சுருக்கினேன்.

பெரியம்மா வால்வைத் திறந்துவிட்டாள்.

பைப்பிலிருந்து வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. எதிர்ச்சுவரில் அடித்து, மிளகாய்ப்பொடி டப்பாவை உருட்டிவிட்டது. அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். விரலிடுக்கெல்லாம் பீய்ச்சியது. அவளுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர் காலையில் ஒருமுறை வருவதோடு சரி. அந்த டேங்க் காலியானால் இரண்டு வீட்டிலும் மறுநாள்வரை ஒரு சொட்டு கிடையாது. பெரியம்மா வீட்டிலோ ஒரு சர்ச்சே வந்து உட்காரப்போகிறது.

"அக்கா" என்று கத்தினாள் அம்மா. "அக்கா, வால்வ மூடு."

பெரியம்மா மகளைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா பெரியம்மாவை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டு அவ்வளவு நாள் ஆகியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உடைகிற சத்தம். அடுத்த நிமிடம் பெரியம்மா எங்கள் சமையலறை வாசலில் நின்றாள். அவள் கையில் வால்வின் சக்கரம் மட்டும் இருந்தது.

"கையோட வந்துட்ச்சிடி" என்றாள்.

அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து அதைப் பார்த்தாள். எனக்கு அடி விழப்போகிறது என்று பின்னால் நகர்ந்தேன். பெரியம்மா சக்கரத்தை வெங்காயக் கூடையில் போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மாவின் கைமேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். தண்ணீர் இப்போது பெரியம்மாவின் முகத்திலும் அடித்தது.

"கேரட்டு எதுனா கீதா உன்னாண்ட?"

"எனக்கு இன்னாத்துக்குக் கேரட்டு? உங்க ஊட்லதான விருந்து?"

"அத்த அப்பறம் பேசிக்கலாம்" என்ற பெரியம்மா, வாசல் பக்கம் திரும்பி அக்காவைக் குருமாவுக்கு வாங்கிய கேரட்டோடு வரச்சொன்னாள்.

அக்கா பையோடு வந்தாள். மூன்று கேரட் பொருந்தவில்லை. நான்காவது சரியாக இருந்தது. அம்மா அதைப் பைப்புக்குள் திணித்துப் பிடிக்க, பெரியம்மா எங்கள் சப்பாத்திக் கட்டையால் நாலு போடு போட்டாள். சத்தம் நின்றது. சமையலறை முழுக்க மிளகாய்ப்பொடித் தண்ணீர் சிவப்பாக நின்றது. சுவரிலிருந்து கேரட்டின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் அக்காதான் சிரித்தாள். பெரியம்மா சிரிக்காமல் இருக்க முயன்று, மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள். அம்மா அவள் தலையில் தட்டினாள். பிறகு இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மிச்ச வேலையை இருவருமாகச் செய்தார்கள். அம்மா மாடிக்குப் போய் டேங்க்குக்குள் கையைவிட்டு, தண்ணீர் இறங்கும் வாயில் பழைய துணியைச் சுருட்டி அடைத்தாள். பாதி டேங்க் தப்பியிருந்தது. பெரியம்மா கேரட்டைத் திருகி எடுத்தாள். தண்ணீர் கசியாமலிருக்க டேப்பின் மரையில் வெள்ளை நாடாவைச் சுற்றுவது எந்தப் பக்கமாக என்பதில் ஒரு சின்னச் சண்டை வந்தது. பைப்பை ஒட்டும் பசையைத் தடவியபிறகு டேப்பு நேராக இருக்கிறதா என்பதில் இன்னொன்று. அம்மா வலப்பக்கம் திருப்பு என்றாள். பெரியம்மா இடப்பக்கம் என்றாள். பேசி முடிப்பதற்குள் பசை இறுகிவிட்டது. எங்கள் சமையலறை டேப்பு இன்றுவரை கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. தண்ணீர் மட்டும் நேராக விழும்.

எல்லாம் முடிந்து துணியை உருவி, டேப்பைத் திறந்து பார்த்தார்கள். முதல் பாத்திரமாகப் பெரியம்மா தன் கையைக் கழுவிக்கொண்டாள். நின்றுகொண்டே கழுவுவது நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

"ஈரப் பொடவைய மாத்திக்கினு வா. ஆறு மணிக்குப் பாஸ்டர் வராரு" என்றாள் போகும்போது.

"எனக்கு யாரு சொன்னாங்க?"

"இப்ப நான் சொல்லிக்கினுகீறனே."

அம்மா பெட்டியைத் திறந்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஐந்து மணிக்கே பெரியம்மா வீட்டு அடுப்பின் முன்னால் நின்று குருமாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதில் கேரட் கொஞ்சம் குறைவாக இருந்தது.

ஷிப்டு முடிந்து வந்த நைனாவும் பெரியப்பாவும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே கேட்ட இரண்டு குரல்களைக் கவனித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் நாற்காலிகளைப் போட ஆரம்பித்தார்கள்.

ஜெபம் நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்காகவும் அவள் வேலைக்காகவும் பாஸ்டர் நீளமாக ஜெபித்தார். சாப்பாடு பரிமாறும்போது, தெற்கேயிருந்து வந்திருந்த பாஸ்டரம்மா, எங்கள் அம்மாவையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி இலையில் சோறு வைத்தால், சொல்லாமலே இன்னொருத்தி பின்னால் குருமா ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்களா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார்கள் இருவரும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்கு ஊர் கடம்பத்தூர். பெரியம்மாவுக்கு எளாவூர். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், அவ்வளவுதான். பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறு வகுப்பில் நான் மனப்பாடமே செய்திருந்தேன். அதுவும் பாஸ்டர் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா அதில் ஒரு வாய் கேசரியை வைத்து அடைத்துவிட்டாள்.

கேசரியை மென்றுகொண்டே இருவரையும் பார்த்தேன். அவர்கள் பாட்டுக்கு அடுத்த இலைக்குப் போய்விட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், முன்கூட்டிப் பேசிவைக்காமல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பொய்யை எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு அன்றைக்குப் புரியவேயில்லை.